பக்கத்து வீட்டுப் படப் புத்தகங்கள்

ஜப்பானியக் கார்ட்டூன் நாயகர்களான ஷின்சானும் டோரேமானும் தொலைக்காட்சியில் தமிழ் பேசத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. நோபிதா, ஷிசுகா என்று சொல்ல எந்தக் குழந்தைக்கும் நாக்கு தடுமாறுவதில்லை. வீட்டுக்குள் வரும்போது வாசலில் செருப்பைக் கழற்றுவது, தரையில் மெத்தை விரித்துப் படுப்பது, இரண்டு அப்பங்களுக்கு நடுவே பயறு இனிப்பை வைத்துத் தின்பது எல்லாம் அந்தத் தொடர்களில் வந்துபோகின்றன. "இதுதான் ஜப்பானியப் பண்பாடு" என்று யாரும் உட்கார வைத்து வகுப்பெடுக்கவில்லை. கதை பிடித்திருந்தது, கதையோடு ஊரும் வந்துவிட்டது.

அதே குழந்தையின் புத்தக அலமாரியைத் திறந்து பாருங்கள். பனிமனிதன், கிறிஸ்துமஸ் மரம், புகைபோக்கி வைத்த வீடு, தனி அறையில் தனியாகத் தூங்கும் கரடிக்குட்டி. நம் நகரத்துக் கடைகளில் மூன்று, நான்கு வயதுக்கென்று கிடைக்கும் படப் புத்தகங்களில் பெரும்பகுதி லண்டனிலும் நியூயார்க்கிலும் உருவானவை. அவற்றில் அருமையான புத்தகங்கள் பல உண்டு, அவற்றைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஆனால் சோறு தின்று, பாட்டியை ஒட்டிப் படுத்து, மழைக்காலத்தில் தெருவெல்லாம் சேறாகும் ஊரில் வளரும் ஆசியக் குழந்தைகளுக்காக எழுதிய புத்தகங்கள் அந்த அலமாரியில் அனேகமாக இருப்பதில்லை. தொலைக்காட்சியில் ஜப்பான் வந்துவிட்டது. புத்தகத்தில் பக்கத்துத் தீவான இலங்கைகூட வரவில்லை.

ஆசியப் புத்தகம் வேண்டும் என்று தேடும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் முதலில் கிடைப்பது பெரும்பாலும் அறிமுகப் புத்தகம்தான். அட்டையில் டிராகன், உள்ளே காகித விளக்கு, கிமோனோ உடுத்திய சிறுமி, கடைசிப் பக்கத்தில் பண்டிகைக் குறிப்பு. ஒரு நாட்டை வெளியாருக்கு விளக்குவதற்கென்றே எழுதப்பட்டவை இவை. பள்ளியில் புராஜெக்ட் செய்ய உதவும். இன்னொரு வகையும் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்காக எழுதிய கதைகள். அவற்றில் யாரும் எதையும் விளக்குவதில்லை. பசிக்கிறது, தொலைந்துபோகிறது, அப்பா ஊருக்குப் போகிறார், குரங்கு திருடுகிறது. நம் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டியது இந்த இரண்டாம் வகைதான் என்பது என் உறுதியான எண்ணம். முதல் வகையைப் படிக்கிற குழந்தை வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறது. இரண்டாம் வகையில் அது கதையில் வரும் பிள்ளையோடு சேர்ந்து விளையாடப் போய்விடுகிறது.

இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தைக் காட்டும் ஒரு வரலாறு உண்டு. அது தொடங்குவது நம் ஊரில். ஹெலன் பானர்மேன் என்ற ஸ்காட்லாந்துப் பெண்மணி, இந்திய மருத்துவப் பணியில் இருந்த கணவரோடு மதராஸ் மாகாணத்தில் வாழ்ந்தவர். தன் இரு மகள்களுக்காக அவரே எழுதி வரைந்த சின்னஞ்சிறு புத்தகம் 'லிட்டில் பிளாக் சாம்போ' 1899இல் லண்டனில் வெளிவந்தது. கொடைக்கானலிலிருந்து மதராஸ் திரும்பும் ரயில் பயணத்தில் எழுதினார் என்று சொல்வதுண்டு. புலிகள் ஒன்றையொன்று துரத்தி மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி நெய்யாக உருகிவிடும். அந்த நெய்யில் அம்மா அப்பம் சுட்டுத் தருவாள். குழந்தைக்குப் பிடிக்கக் கேட்க வேண்டுமா? ஆனால் அதிலிருந்த பெயர்களும் படங்களும் கறுப்பு நிறத்தவரைக் கேலிப் பொருளாக்கின. இந்தியக் காட்டில் நடப்பதாகச் சொல்லும் கதையில் இந்தியக் குழந்தையும் இல்லை, ஆப்பிரிக்கக் குழந்தையும் இல்லை. இருந்தது ஆங்கிலேயர் மனத்திலிருந்த ஒரு பொம்மை. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் இதை நெடுங்காலம் எதிர்த்தார்கள். ஜப்பானில் 1953 முதல் மிகப் பிரபலமாக இருந்த பதிப்பையும் எதிர்ப்பு வந்தபின் 1988இல் பதிப்பகம் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அதற்கு வெகுகாலம் முன்பு, டோக்கியோவில் ஒரு மழலையர் காப்பகத்தில் ஆசிரியையாக இருந்தவர் நாககாவா ரியேகோ. அவருடைய காப்பகப் பிள்ளைகளுக்குச் சாம்போ கதையில் அப்பம் சுடும் கட்டம் உயிர். இதைவிட நல்ல பலகாரமாக நாமே இவர்களுக்குச் செய்து கொடுப்போமே என்று அவருக்குத் தோன்றியது. முட்டை நிறையப் போட்டுச் செய்யும் கஸ்தேரா கேக்கை மனத்தில் வைத்து ஒரு கதை எழுதினார். அவருடைய தங்கை யூரிகோ படம் வரைந்தார். 1963 டிசம்பரில் வெளிவந்த அந்தக் கதைதான் 'குரியும் குராவும்'. நீலச் சட்டைக் குரி, சிவப்புச் சட்டைக் குரா என்று இரண்டு காட்டெலிகள். காட்டில் ஒரு மாபெரும் முட்டை கிடக்கிறது. தூக்க முடியவில்லை, உருட்டவும் முடியவில்லை. முட்டையை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாவிட்டால் என்ன, வாணலியை இங்கே கொண்டுவருவோம் என்று கிளம்புகிறார்கள். மாவு, சர்க்கரை, வெண்ணெய், கரண்டி, அடுப்புக்குக் கல் எல்லாம் வந்து சேர்கின்றன. மணம் காடு முழுக்கப் பரவ, யானை முதல் நண்டு வரை வந்து அடுப்பைச் சுற்றி உட்காருகின்றன. மூடியைத் திறக்கும் பக்கத்தில் மஞ்சள் கேக் வாணலியின் விளிம்புக்கு மேல் பொங்கி நிற்கும். அந்தப் பக்கத்தில் மூக்கை வைக்காத குழந்தையை நான் பார்த்ததில்லை. எல்லோருக்கும் பங்கு. மிச்சமிருக்கும் முட்டை ஓட்டில் இரண்டு எலிகளும் வண்டி செய்து வீடு போய்ச் சேர்கின்றன.

ஃபூஜி மலை இல்லை, செர்ரிப் பூ இல்லை. ஆனால் சமைத்ததைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துத்தான் தின்ன வேண்டும் என்ற நினைப்பு கதைக்குள் இருக்கிறது. அதுதான் நமக்குத் தெரிய வேண்டிய ஜப்பான். இன்னொரு விஷயமும் உண்டு. இந்த கஸ்தேராவே ஜப்பானுக்குச் சொந்தமானதல்ல, 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. நம் சமையலறையில் மிளகாய் இருப்பதுபோல. தூய, கலப்படமில்லாத பண்பாட்டை எந்த நல்ல படப் புத்தகத்திலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

ஜப்பானில் இப்படிப்பட்ட கதைகள் தொடர்ந்து வந்ததற்குக் காரணங்கள் உண்டு. குரியும் குராவும் முதலில் புத்தகமாக வரவில்லை. ஃபுகுயின்கான் பதிப்பகம் 1956இல் தொடங்கிய 'கொதொமோ நோ தோமோ' என்ற மாத வெளியீட்டின் ஓர் இதழாக வந்தது. மாதம் ஒரு கதை, முழு இதழும் அந்த ஒரே கதை, மெல்லிய அட்டை, குறைந்த விலை. காப்பகங்கள், மழலையர் பள்ளிகள் வழியாகச் சந்தா. எது பிள்ளைகளிடம் எடுபடுகிறது என்பது பதிப்பகத்துக்கு உடனே தெரிந்துவிடும். எடுபட்டவை பிறகு கெட்டி அட்டைப் புத்தகமாயின. இன்னொரு பக்கம், இஷீ மொமோகோ என்ற எழுத்தாளர் 1958இல் டோக்கியோவில் தன் வீட்டின் ஓர் அறையைக் குழந்தைகளுக்கான நூலகமாக்கினார். கத்சுரா புன்கோ என்று அதற்குப் பெயர். படித்துக் காட்டும்போது பிள்ளைகள் எங்கே நெளிகிறார்கள், எங்கே அசையாமல் இருக்கிறார்கள் என்று கவனித்துக் கவனித்து எழுதினார். அவரைப் பார்த்துப் பல இல்லத்தரசிகள் தங்கள் வீடுகளில் இதுபோன்ற நூலகங்களைத் தொடங்கினார்கள். 2001 முதல் 'புக்ஸ்டார்ட்' திட்டத்தில், கைக்குழந்தையைப் பரிசோதனைக்குக் கொண்டுவரும் தாய்மாருக்கு நகராட்சிகளே படப் புத்தகம் கொடுத்தனுப்புகின்றன. பேசவே தொடங்காத குழந்தைக்குப் புத்தகமா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

ஜப்பானை விட்டு நமக்கு மிக அருகில் வருவோம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் கடல்தான். அந்தப் பக்கம் சிங்களக் குழந்தைகள் மூன்று தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த கதை 'குட ஹொரா', அதாவது 'குடைத் திருடன்'. எழுதி வரைந்தவர் சிபில் வெத்தசிங்க (1927–2020). காலி நகருக்கு அருகே கிந்தோட்டையில் பிறந்தவர். கதை 1956இல் வந்தது.

ஒரு சின்ன ஊர். அங்கே யாரும் குடையைக் கண்ணால் பார்த்ததில்லை. மழை வந்தால் வாழை இலை, கிழங்குச் செடியின் இலை, சாக்கு என்று கையில் கிடைத்ததைத் தலையில் கவிழ்த்துக்கொள்கிறார்கள். கிரி மாமா ஒருநாள் டவுனுக்குப் போகிறார். அங்கே வண்ண வண்ணமாகக் குடைகள் நடமாடுகின்றன. அசந்துபோய் ஒன்றை வாங்கிக்கொண்டு வருகிறார். ஊர் வந்ததும் கடையோரம் குடையைச் சாத்திவிட்டுக் காபி குடிக்க உட்காருகிறார், திரும்பிப் பார்த்தால் குடையைக் காணோம். மறுபடி டவுன், மறுபடி குடை, மறுபடி காபி, மறுபடி காணோம். இந்தத் திரும்பத் திரும்ப வரும் கட்டத்தில்தான் சின்னக் குழந்தை கதையைக் கையில் எடுத்துக்கொள்கிறது. இரண்டாம் முறை கிரி மாமா குடையைச் சாத்தும்போதே "வேணாம் மாமா!" என்று கத்தும். கடைசியில் மாமா ஒரு யோசனை செய்கிறார். காகிதத் துண்டுகளைக் குடை மடிப்புக்குள் போட்டு வைக்கிறார். குடை போன வழியெல்லாம் துண்டுகள் சிந்தியிருக்கின்றன. பின்தொடர்ந்து போனால் காட்டுக்குள் ஒரு மரத்தில் குடைகள் எல்லாம் தொங்குகின்றன. எல்லாவற்றையும் எடுத்து வந்து கிரி மாமா ஊரில் ஒரு குடைக்கடையே வைத்துவிடுகிறார். ஒன்றை மட்டும் மரத்திலேயே விட்டுவைக்கிறார், திருடனுக்கும் ஆசை இருக்குமல்லவா. அந்தத் திருடன் ஒரு குரங்கு.

இலங்கை பற்றித் தமிழ்க் குழந்தையின் காதில் விழும் செய்திகளுக்கு ஒரு குறைவும் இல்லை. அவற்றில் பல உண்மையானவை, வளர வளர அது தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். அதற்கு முன், அந்தத் தீவின் ஒரு சிங்கள ஊரில் மழையில் வாழை இலையைப் பிடித்துக்கொண்டு ஓடும் மனிதர்களும், திருடனை மன்னிக்கும் ஒரு மாமாவும் உண்டு என்று நாலு வயதில் தெரிந்திருப்பது சின்ன விஷயமல்ல. இதை நான் மிகவும் நம்புகிறேன். 1980களில் இந்தக் கதை ஜப்பானிய மொழியில் வந்து அங்கே சிறந்த வெளிநாட்டு நூலுக்கான விருதும் பெற்றது. 92 வயதில் இறக்கும் வரை சிபில் வேலை செய்துகொண்டே இருந்தார். கடைசியாக ஒரு கதையைப் பாதியில் நிறுத்தி, முடிவைக் குழந்தைகளே எழுதி அனுப்பச் சொன்னார். 'வொண்டர் கிரிஸ்டல்' என்ற அந்தப் புத்தகம் 1,250 முடிவுகளோடு கின்னஸ் பட்டியலில் ஏறியது.

சீனாவிலிருந்து ஒரே ஒரு புத்தகத்தைச் சொல்கிறேன். யூ லிச்சியோங் எழுதி, சூ செங்லியாங் வரைந்த 'துவான்யுவான்'. ஆங்கிலத்தில் 'எ நியூ இயர்ஸ் ரீயூனியன்' என்று கிடைக்கிறது. சீன மொழிப் படப் புத்தகங்களுக்கு ஹாங்காங்கில் வழங்கும் ஃபெங் சிகாய் விருதின் முதல் ஆண்டான 2009இல் முதற்பரிசு பெற்றது. மாவ்மாவின் அப்பா தொலைதூர ஊரில் வீடு கட்டும் வேலை செய்கிறார். புத்தாண்டுக்கு மட்டும் வருவார். வந்தவர் தூக்கி முத்தமிடும்போது தாடி குத்துகிறது, அவளுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை, அம்மாவைக் கூப்பிட்டு அழுகிறாள். அப்பா முடிவெட்டிக்கொள்கிறார், மெல்ல மெல்லப் பழைய அப்பாவாகிறார். அரிசி மாவு உருண்டைக்குள் ஒரு நாணயத்தை வைத்துப் பிடிக்கிறார். அது யாருக்குக் கிடைக்கிறதோ அவருக்கு அதிர்ஷ்டம். மாவ்மாவுக்குக் கிடைக்கிறது. பனியில் விளையாடும்போது அதைத் தொலைத்துவிட்டு அழுது, பிறகு கண்டெடுக்கிறாள். அப்பா கிளம்பும் நாளில் அதையே அவர் கையில் வைத்து, அடுத்த தடவை வரும்போது இதையே உருண்டைக்குள் வைக்கலாம் என்கிறாள்.

ராமநாதபுரம் பக்கத்தில் ஒரு கிராமத்து மாலை வகுப்பில் இதைத் தமிழில் சொல்லிக்கொண்டே படம் காட்டினேன். மாவு உருண்டைப் பக்கம் வந்ததும் பின்வரிசையிலிருந்து, "ஐ, கொழுக்கட்டை!" என்று ஒரு குரல். ஆமாம், கொழுக்கட்டைதான் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். அழுகிற பக்கத்துக்கு மறுபடி போகச் சொன்னாள் ஒரு சிறுமி. "எங்க அத்தா வந்தப்பவும் தம்பி இப்படித்தான் அழுதான்" என்றாள். அத்தா எங்கே இருக்கிறார் என்று கேட்டால் சவூதியில். அடுத்து ஒரு பையன், அவனுடைய அப்பா சிங்கப்பூரில். சீனாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே, சீனாவின் ஒரு பெரிய உண்மை அந்த வகுப்பில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. கோடிக்கணக்கான தொழிலாளர்கள் ஊரை விட்டுப் போய் வேலை பார்ப்பதும், புத்தாண்டுக்குத் திரும்ப ரயில் ரயிலாக ஏறுவதும்தான் அந்தக் கதையின் பின்னணி. அதைப் பத்து வயதில் சொல்லிக்கொள்ளலாம்.

கொழுக்கட்டை என்றால் கொழுக்கட்டை என்று விட்டுவிட வேண்டும். "இல்லடா கண்ணு, இதற்குத் தாங்யுவான் என்று பெயர், விளக்குத் திருவிழாவின்போது" என்று ஆரம்பித்தால் கதை செத்துவிடும். குழந்தை தனக்குத் தெரிந்ததில் காலை ஊன்றித்தான் தெரியாததற்குள் எட்டிப் பார்க்கும். மறுமுறை படிக்கும்போது அதுவே கேட்கும், "இதுக்குள்ள ஏன் காசு வச்சாங்க? நம்ம கொழுக்கட்டைல பூரணம்தானே?" அப்போது சொன்னால் மனத்தில் நிற்கும். குழந்தையைப் பேசவிட்டு, அது சொன்னதை ஒட்டி அடுத்த கேள்வியைப் போடும் இந்த முறையை அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ட்டும் அவருடைய குழுவும் 1988இல் ஆய்ந்து பார்த்தார்கள். அப்படிப் படித்துக் காட்டப்பட்ட பிள்ளைகளின் பேச்சு வேகமாக வளர்ந்ததைக் கண்டார்கள். நம் பாட்டிகள் "அப்புறம் நரி என்ன சொல்லிச்சு, நீ சொல்லு" என்று கேட்டதும் இதுதான்.

பெயர்களையும் மாற்ற வேண்டாம். மாவ்மாவை மாலா ஆக்குவது, கிரி மாமாவைக் கிருஷ்ணன் மாமா ஆக்குவது எல்லாம் பெரியவர்களின் தயக்கம். நோபிதாவைச் சொல்லும் வாய்க்கு மாவ்மாவ் கஷ்டமா என்ன?

நாற்பது குழந்தைகள் உள்ள வகுப்பில் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. இதற்கும் ஜப்பானிடமே ஒரு வழி இருக்கிறது. காமிஷிபாய். 1930களில் டோக்கியோ தெருக்களில் மிட்டாய் விற்பவர்கள் சைக்கிளின் பின்னால் ஒரு சின்ன மரச்சட்டத்தை வைத்துக்கொண்டு வருவார்கள். இரண்டு கட்டைகளைத் தட்டினால் பிள்ளைகள் ஓடி வருவார்கள். மிட்டாய் வாங்கியவர்களுக்கு முன்வரிசை. சட்டத்துக்குள் படஅட்டைகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றாக உருவி உருவிக் கதை சொல்வார்கள். நல்ல கட்டத்தில் நிறுத்திவிட்டு, மீதி நாளைக்கு. போர்க்காலத்தில் அரசு இதைப் பிரச்சாரத்துக்குப் பிடித்துக்கொண்டது. 1953இல் தொலைக்காட்சி வந்தபோது மக்கள் அதை 'மின்சாரக் காமிஷிபாய்' என்று அழைத்தார்கள். அந்தப் பெட்டியே பிறகு தெருக் கதைசொல்லிகளைக் காலி செய்துவிட்டது. ஆனால் பள்ளிகளிலும் நூலகங்களிலும் காமிஷிபாய் இன்றும் உயிரோடு இருக்கிறது, உலகம் முழுக்கப் பரவியும் விட்டது.

அதன் நுட்பம் எளிது. படம் பிள்ளைகளைப் பார்த்திருக்கும், எழுத்து அட்டையின் பின்புறம் சொல்பவரைப் பார்த்திருக்கும். முதல் படத்துக்கான வரிகள் கடைசி அட்டையின் முதுகில் இருக்கும். முன்னால் உள்ள அட்டையை உருவிப் பின்னால் செருகும்போது, அதன் முதுகிலேயே அடுத்த படத்துக்கான வரிகள் வந்துவிடும். உருவுவதில்தான் வித்தை எல்லாம். குரங்கு வரப்போகிறது என்றால் அட்டையைப் பாதி வரை மெல்ல நகர்த்தி நிறுத்துங்கள். வால் மட்டும் தெரியும். வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். பிறகு சட்டென்று உருவுங்கள். சட்டம் செய்ய ஒரு பழைய அட்டைப் பெட்டி போதும். அட்டைகளை நான்காம் வகுப்புப் பிள்ளைகளே வரைந்து ஒன்றாம் வகுப்புக்குச் சொல்லலாம்.

படங்களைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் படிக்கத் தெரியாத குழந்தை உண்மையில் படிப்பது படத்தைத்தான். ஒரே பக்கத்தில் ஒரே ஆள் மூன்று இடத்தில் இருந்தால் அது தவறு என்று பள்ளி ஓவியப் பாடம் சொல்லும். சீனச் சுருள் ஓவியத்திலும் படம் காட்டிக் கதை பாடும் வங்காளத்துப் பட்டுவாக்களின் சுருளிலும் அதுதான் இயல்பு. நம் கோயில் சுவரோவியங்களிலும் ஒரே ராமன் ஒரே வரிசையில் வில்லை ஒடித்து, மணமுடித்து, காட்டுக்கும் போய்க்கொண்டிருப்பான். குழந்தைகளுக்கு இதில் குழப்பமே வருவதில்லை. அவர்களுடைய சொந்தப் படங்களும் அப்படித்தான் இருக்கின்றன.

சென்னையில் 1994 முதல் இயங்கும் தாரா பதிப்பகம் இந்த விஷயத்தில் உலகத்துக்கே வழிகாட்டி. மத்தியப் பிரதேசத்துக் கோண்டுப் பழங்குடி ஓவியர்களான பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரின் 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' கறுப்புத் தாளில் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் கையால் அச்சிடப்பட்டது. மை மேடாக நிற்பது விரலுக்குத் தெரியும். 2008இல் இத்தாலியின் போலோன்யா குழந்தைகள் புத்தகச் சந்தையில் விருது பெற்றது. பஜ்ஜு ஷியாமின் 'தி லண்டன் ஜங்கிள் புக்' (2004) எனக்கு இன்னும் நெருக்கமானது. லண்டனில் ஓர் இந்திய உணவகத்துச் சுவரில் ஓவியம் வரையப் போன அவர், அந்த நகரத்தைக் கோண்டுக் கண்ணால் பார்த்து வரைந்தார். பிக் பென் கடிகாரம் சேவலாகிவிட்டது, இரண்டும் நேரம் சொல்பவைதானே. தரைக்கு அடியில் ஓடும் ரயில் மண்புழு. தினமும் ஏறிய 30ஆம் எண் பேருந்து விசுவாசமான நாய். ஒரு ஸ்காட்லாந்துக்காரர் மதராஸிலிருந்து இந்தியாவை வரைந்து நூறு ஆண்டு கழித்து, ஒரு கோண்டுக்காரர் லண்டனை வரைந்திருக்கிறார். ஆறேழு வயதுப் பிள்ளைகளிடம் இதைக் காட்டிவிட்டு, நம் ஊர்ப் பேருந்து நிலையம் எந்த மிருகம் என்று கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவு இருந்தும் நம் கைக்கு ஏன் வரவில்லை? ஆர்வமின்மை மட்டும் காரணமில்லை, அச்சுக்கூடத்திலும் காரணம் இருக்கிறது. படப் புத்தகம் என்றால் நான்கு வண்ணம், கனமான தாள். ஆயிரம் பிரதி அடித்தால் ஒரு பிரதியின் விலை கட்டுப்படியாகாது. அதனால் பல மொழிகளுக்குச் சேர்த்து ஒரே நேரத்தில் அச்சிடுவார்கள். படங்களின் வண்ண பிளேட்டுகள் எல்லா மொழிக்கும் ஒன்றே. எழுத்தை மட்டும் தனிக் கறுப்பு பிளேட்டில் வைத்து, மொழிக்கு மொழி அதை மட்டும் மாற்றுவார்கள். பன்மொழிப் படப் புத்தகங்களில் எழுத்து ஏன் பெரும்பாலும் கறுப்பாகவே இருக்கிறது, படத்திலுள்ள கடைப் பலகையில் ஏன் பெயரே இல்லை என்பதற்கு இதுதான் காரணம். சென்னையின் துலிகா பதிப்பகம் 1996இலிருந்து தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் ஒரே புத்தகத்தைக் கொண்டுவருவது இந்த வழியில்தான் சாத்தியமானது.

வெளிநாட்டுப் புத்தகமென்றால் கூடுதல் சிக்கல்கள். ஒரு வரிச் சீன எழுத்து தமிழில் இரண்டு மூன்று வரியாக நீளும், படத்தில் அதற்கு இடம் விட்டிருக்க மாட்டார்கள். மேலிருந்து கீழாக எழுதும் ஜப்பானியப் புத்தகம் வலப்பக்கம் திறக்கும், அதில் எல்லோரும் இடப்பக்கம் நோக்கி நடப்பார்கள். நமக்காகப் படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிப் போட்டால் வலக்கையில் சாப்பிடுபவர் இடக்கையில் சாப்பிடுவார். கிமோனோவின் மடிப்பும் மாறிவிடும், அப்படி மாற்றி மடித்து உடுத்துவது அங்கே இறந்தவர்களுக்கு மட்டும்தான். படத்தைத் திருப்பாமல், வலமிருந்து திறக்கும் புத்தகமாகவே விட்டுவிடுவது நல்லது என்பேன். பிள்ளைகள் அரை நிமிடத்தில் பழகிக்கொள்வார்கள்.

பணம் போட ஒருவர் இருந்தால் இவையெல்லாம் தீரும் என்பதற்குச் சாட்சி நம்மிடமே உண்டு. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் தமிழிலேயே அச்சிட்டு அனுப்பிய வண்ணப் புத்தகங்களை நியூ செஞ்சுரி புத்தக நிலையம் சில ரூபாய்க்கு விற்றது. அவற்றைப் படித்து வளர்ந்தவர்கள் இன்று தாத்தா பாட்டி ஆகிவிட்டார்கள், அந்தப் படங்களை இன்னும் மறக்கவில்லை. அந்த ஆதரவு 1991இல் சோவியத் ஒன்றியத்தோடு முடிந்தது. ஆசிய நாடுகளும் இப்படி ஒன்றை முயன்றன. 1971இல் டோக்கியோவில் தொடங்கிய யுனெஸ்கோ ஆசியப் பண்பாட்டு மையம், பல நாட்டு எழுத்தாளர்களும் ஓவியர்களும் சேர்ந்து உருவாக்கும் குழந்தைப் புத்தகங்களை அந்தந்த நாடு தன் மொழியில் வெளியிட வழி செய்தது. 2023 ஜனவரியில் தொடங்கிய சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியில் இப்போது ஆண்டுதோறும் பதிப்புரிமைப் பேச்சு நடக்கிறது. தமிழிலிருந்து வெளியே போகும் புத்தகங்களைப் பற்றி அங்கே உற்சாகமாகப் பேசுகிறோம். உள்ளே வர வேண்டிய குழந்தைப் புத்தகங்களுக்கும் அதே மேசையில் இடம் வேண்டும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் கதைகளை இலவசமாகப் படிக்கலாம், திறந்த உரிமம் என்பதால் பிற மொழிக் கதைகளை நாமே தமிழாக்கியும் ஏற்றலாம். நான் சொன்ன ஜப்பானிய, சீனப் புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட்டுப் படத்தைக் காட்டித் தமிழில் சொல்லுங்கள். வீட்டில் பேசுகிற தமிழில், "மாவ்மாவோட அப்பா ஊர்லேர்ந்து வந்துட்டாரு" என்று.

இதில் ஒரு நடைமுறைத் தொல்லை வரும். இன்று "வாணலியை உருட்டிட்டே போனாங்க" என்று சொல்லிவிட்டு நாளை "இழுத்துக்கிட்டுப் போனாங்க" என்றால் பிள்ளை விடாது. "நேத்து அப்படிச் சொல்லலையே!" அதற்கு வார்த்தை முக்கியம். ஆகவே முதல் தடவை நன்றாக வந்த வரிகளைத் துண்டுச் சீட்டில் எழுதி அந்தந்தப் பக்கத்தில் கிளிப் போட்டு வைத்துவிடுங்கள். பென்சிலில் எழுதினால் நல்லது, ஏனென்றால் நாலைந்து முறை படித்தபின் எந்த வரியை எப்படி மாற்ற வேண்டும் என்று பிள்ளையே சொல்லத் தொடங்கிவிடும்.